சாரண ஆசிரியர் கொள்வனவும் விடுவனவும்

சாரணர் என்னும் சொல்லைத் தமிழ் மாணவர் உண்மையில் சந்திக்க வேண்டிய இடம் பள்ளி மைதானம் அன்று, சிலப்பதிகாரமே என்று எம் துறையில் விளையாட்டாகச் சொல்வதுண்டு. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரை நோக்கி நடந்த வழியில் எதிர்ப்பட்ட சாரணர், ஓரிடத்தே நில்லாது இயங்கும் சமண முனிவராவார். பேடன் பவல் தம் இயக்கத்துக்கு வைத்த பெயரோ படையில் முன்சென்று வேவு பார்ப்போரின் பெயர். அதனை நேரே தமிழாக்கியிருந்தால் ஒற்றர் என்றே ஆகியிருக்கும். ஒற்றாடலுக்கென வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். சொல் தேர்ந்தோர் ஒற்றனை விடுத்துச் சாரணனைக் கொண்டனர். மறைந்து நின்று பார்ப்பவனை விட, நடந்து திரிபவனே பிள்ளைகளுக்கு ஏற்றவன் என எண்ணினர் போலும். நல்ல தேர்வு.

துறை மலருக்கு இலக்கியக் கட்டுரை எழுதாமல் இதனை எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. எம்மிடம் பயின்று சென்ற மாணவருள் சிலர் இன்று திண்டிவனம், மரக்காணம், செஞ்சி வட்டாரப் பள்ளிகளில் ஆசிரியராக உள்ளனர். பணியில் சேர்ந்த ஓரிரு ஆண்டுகளுக்குள், வயதில் இளையவர் என்ற ஒரே தகுதியால், சாரணப் படையின் பொறுப்பு அவர்கள் தலையில் வைக்கப்படுகிறது. விடுமுறையில் துறைக்கு வரும்போது, "ஐயா, பயிற்சியில முடிச்சுப் போட எல்லாம் சொல்லிக் கொடுத்தாங்க. பிள்ளைங்கள வெளியில கூட்டிட்டுப் போனா என்ன செய்யணும்னு மனசுக்குள்ள பயமா இருக்கு" என்கின்றனர். யாமும் சில ஆண்டுகள் பள்ளிச் சாரணர் முகாம்களில் துணை ஆசிரியராக அலைந்தவர்கள். அந்த அச்சம் எமக்கும் இருந்தது. அச்சம் இல்லாதவரைக் காட்டிலும் அச்சம் உள்ளவரே இப்பணிக்கு ஏற்றவர் என்பது எம் கருத்து.

யாம் கண்ட அளவில், நம் பொறுப்பாசிரியரிடம் உள்ள குறை சோம்பல் அன்று. உழைப்பைத் தவறான இடத்தில் செலவிடுவதே. பிள்ளைகளின் கையில் விட வேண்டியவற்றைத் தம் கையில் இறுகப் பற்றிக் கொள்கின்றனர்; தம் கையில் கொள்ள வேண்டியவற்றைப் பிள்ளைகளிடமோ, பள்ளி எழுத்தரிடமோ, இறைவனிடமோ விட்டுவிடுகின்றனர்.

விடவேண்டியவற்றை முதலில் பார்ப்போம். 1907ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் ஏறத்தாழ இருபது சிறுவரைக் கொண்டு முதல் முகாம் நடத்தினார். செல்வர் பள்ளியில் படித்தோரும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் கலந்திருந்தனர். அவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் அவர்களுள் ஒருவனையே தலைவனாக்கி, அணியின் நடத்தைக்கு அவனையே பொறுப்பாக்கினார். இயக்கத்தின் புதுமை சீருடையிலும் இல்லை, முடிச்சிலும் இல்லை. இந்த அணிமுறையில்தான் உள்ளது. இன்றும் ஆறு முதல் எட்டுப் பேர் ஓர் அணி என்பதே வழக்கம். பெரியவர் ஒருவர் முப்பத்திரண்டு பேரை நேரே ஆள்வது அன்று. நான்கு அணித்தலைவரை ஆயத்தப்படுத்திவிட்டு ஒதுங்கி நிற்பதே சாரண ஆசிரியர் வேலை.

ஒதுங்கி நிற்பது எளிதன்று. ஆசிரியராகிய நமக்கோ அது இயற்கைக்கே மாறானது. ஒரு முகாமில் ஓர் அணியினர் சோறு வடித்தனர். அடியில் கரி, நடுவில் பதம், மேலே அரிசி. உடன் வந்த மூத்த ஆசிரியர் ஒருவருக்கு மனம் பொறுக்கவில்லை. "தள்ளுங்கடா" என்று அகப்பையை வாங்கி மறுவேளை உணவை அவரே சமைத்தார். உணவு மிக நன்றாக இருந்தது. அன்றிலிருந்து முகாம் முடியும் வரை அவ்வணியினர் அவர் அருகில் நின்று வெங்காயம் உரித்தனரே யன்றி அடுப்பைத் தொடவில்லை. அரிசி வேகாத அணியோ என்றால், அடுத்த பகுதியில் இருந்த இன்னோர் அணி; அவர்களைக் கவனிக்க எவர்க்கும் நேரமில்லாமல் போயிற்று. மூன்றாம் வேளையில் அவர்கள் வடித்த சோற்றை யாமே கேட்டு வாங்கி உண்டோம். ஒருவேளை கரிந்த சோறு உண்பதால் எந்தப் பிள்ளைக்கும் கேடில்லை. கூடாரம் இரவில் சரிந்தால் அவர்களே எழுந்து கட்டட்டும். பாட்டு சுருதி தவறட்டும். அணித்தலைவன் தன் அணியிலுள்ள முரட்டுப் பையனை வழிக்குக் கொணர முடியாமல் திணறினால், அவனை அழைத்து, "நீ என்ன செய்யலாம் என நினைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு விடைக்குக் காத்திருக்க வேண்டும். நாம் காத்திருப்பதில்லை. வகுப்பறைப் பழக்கம், கேள்வி கேட்ட மறுகணமே விடையையும் நாமே சொல்லிவிடுவோம்.

குறிப்பேடு எழுதுவதும் இவ்வாறே. ராஜ்ய புரஸ்கார் தேர்வு நெருங்கும்போது வீடுகளில் நடப்பதை யாம் அறிவோம்: அக்காள் படம் வரைவாள், தந்தை எழுதுவார், சாரணன் உறங்குவான். சான்றிதழுக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தான் செய்யாத சேவையைச் செய்ததாக எழுதக் கற்ற பையனுக்கு, நம்பிக்கைக்குரியவன் சாரணன் என்னும் முதல் விதியை நாம் எந்த முகத்தோடு சொல்வது?

இனிக் கையில் கொள்ள வேண்டியவை. இவை விளையாட்டல்ல.

முதலாவது, பெயர்ப்பட்டியல். யாம் சென்ற ஒரு முகாமில் இருபத்து நான்கு சிறுவர். ஓர் ஏரிக்கரைத் தோப்பில் தங்கியிருந்தோம். மாலையில் வரிசையில் நிறுத்தி எண்ணினோம், இருபத்து நான்கு. மனநிறைவோடு தேநீர் அருந்தினோம். சற்று நேரத்தில் அணித்தலைவன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து, "சார், எங்க அணியில ஒருத்தன காணோம்" என்றான். எண்ணினேனே என்று அதட்டினோம். மறுபடி பெயர் சொல்லி அழைத்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. வேடிக்கை பார்க்க வந்த ஊர்ச் சிறுவன் ஒருவன், வரிசை நிற்பதைக் கண்டு ஆசையோடு கடைசியில் வந்து நின்றிருந்தான். எண்ணிக்கை சரி, ஆள் தவறு. காணாமற்போனவனோ, வீட்டு நினைவு வந்து, பேருந்துச் சாலையை நோக்கி ஏரிக்கரை வழியே தனியே நடந்திருந்தான். அவனைச் சாலையோரத் தேநீர்க் கடையில் கண்டு அழைத்து வரும்வரை எம் கால்கள் தரையில் பாவவில்லை. நம் பகுதியில் மாலை இருட்டும் வேளையில் ஏரிக்கரை எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. தவறு முழுவதும் எம்முடையது. அன்றிலிருந்து தலை எண்ணுவதை விட்டோம். அணித்தலைவன் தன் அணியைப் பெயர் சொல்லி அறிவிப்பான். பட்டியலில் குறியிடுவது ஆசிரியர் கை. பேருந்தில் ஏறும்போதும் இறங்கும்போதும், உண்ணும் முன்பும், விளக்கணைக்கும் முன்பும்.

பட்டியலோடு சேர்ந்தது பெற்றோர் படிவம். புறப்படும் பேருந்தின் படியருகே ஒரு தாய் ஓடிவந்து, "சார், இவனுக்கு வீசிங் இருக்குது. மருந்து பையில வச்சிருக்கேன். அவன்கிட்ட சொல்லாதீங்க, வெக்கப்படுவான்" என்று காதோடு சொன்னார். அவர் ஓடிவராதிருந்தால்? விறகுப் புகையின் நடுவே இரண்டு இரவு தங்கவிருந்த பையன் அவன். நோய், ஒவ்வாத உணவு, உண்ணும் மருந்து, இரவில் தொடர்பு கொள்ள இரண்டு எண்கள், இவற்றைக் கேட்டு ஒரு வாரம் முன்பே எழுதி வாங்க வேண்டும். எழுதத் தெரியாத பெற்றோரிடம் ஆசிரியரே கேட்டு எழுதிக்கொள்ளலாம். வெட்கத்துக்குரிய செய்திகளைத் தனியே சொல்ல ஓர் இடம் தரவேண்டும். படுக்கையை நனைக்கும் பிள்ளைகளும் முகாமுக்கு வரத்தானே விரும்புகின்றனர்.

அடுத்தது நீர். இதில் எம் வட்டாரத்துக்கே உரிய கண்ணி ஒன்று உண்டு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடியும். முகாமுக்கு ஏற்ற குளிர்ந்த நாட்கள் அதற்குப் பின்வரும் சனவரி, பிப்ரவரி. ஏரிகள் நிறைந்து நிற்பதும் அதே நாட்களில்தான். கோடையில் அதே ஏரியில் மட்டைப்பந்து ஆடிய சிறுவன், தரை தனக்குத் தெரியும் என்றே நம்புகிறான். வண்டல் எடுத்த குழி அவன் ஆடிய இடத்திலிருந்து பத்தடி தள்ளி இருந்ததையும், இப்போது அது நீருக்கடியில் மறைந்திருப்பதையும் அவன் நினைப்பதில்லை. "நீந்தத் தெரிந்தவர் கை தூக்குக" என்றால் எல்லாக் கைகளும் உயரும். நண்பர் முன் தாழ்ந்துபோக எவன் விரும்புவான்? ஆகவே இதில் வாக்கெடுப்பு வேண்டா. ஏரியிலும் கிணற்றிலும் குளிப்பில்லை, வாளி நீரே என்பது எம் விதி. மரக்காணம் கடற்கரைக்குக் கூட்டிச் செல்வோர் கணுக்காலோடு நிறுத்துக. கடுமையான விதி என்பர். இருக்கட்டும்.

பாம்புக்கடி பற்றி ஒன்று. பழைய முதலுதவிப் பாடங்களில் கயிறு இறுக்கிக் கட்டச் சொன்னார்கள். கீறி இரத்தம் எடுக்கவும் சொன்னார்கள். இரண்டும் கூடா என்பதே இன்றைய மருத்துவம். கடிபட்டவனை அசையாமல் கிடத்தி, 108 ஊர்தியை அழைத்து, நச்சுமுறி மருந்துள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். திண்டிவனத்து அரசு மருத்துவமனைக்கும், முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கும் முகாமிலிருந்து எவ்வளவு நேரம் ஆகும் என்பதைப் பகலில் ஒருமுறை சென்று பார்த்திருக்க வேண்டும். முகாமிடத்தில் அலைபேசி எங்கே பேசும், எங்கே பேசாது என்பதையும்.

இனிச் சொல்லப்போவது எழுதக் கூசும் செய்தி; எழுதாமல் விடுவதோ அதனினும் கூசத்தக்கது. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தனியார் பள்ளி ஒன்றில் தேசிய மாணவர் படை என்று சொல்லி நடத்தப்பட்ட முகாம் போலியானது என்பதும், அங்கே தங்கவைக்கப்பட்ட மாணவியர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர் என்பதும் வெளிவந்து நாடே தலைகுனிந்தது. பயிற்சி அளிக்க வந்தவர் யார், அவரை அனுப்பியது எந்த அலுவலகம் என்று கேட்கும் ஒரு கேள்வி, காலத்தே கேட்கப்பட்டிருந்தால்! சீருடையும் விசிலும் கட்டைக் குரலும் இருந்தால் நாம் வாயில் திறந்துவிடுகிறோம். அமெரிக்காவில் நூறாண்டு கடந்த சாரணர் அமைப்பே 2020 பிப்ரவரியில் திவால் மனு அளித்தது. சிறுவயதில் தமக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்காக அவ்வமைப்பின் மேல் முறையிட்டோர் 82,000 பேருக்கும் மேல். அவ்வளவு பேர் அத்தனை ஆண்டுகள் வாய்திறவாதிருந்தனர் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

ஆகவே எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய இடத்தில் தனித்திருக்கக் கூடாது. நல்லவர், மூத்தவர், தொழுகையாளி, தலைமையாசிரியரின் உறவினர் என்ற விலக்கே இதற்குக் கிடையாது. முகாமில் குறைந்தது இரண்டு பெரியவர். பெரியவர்க்கும் பிள்ளைகட்கும் தனித்தனி உறங்குமிடம். சாரணியர் வருவராயின் பெண் ஆசிரியர் இல்லாமல் புறப்படுதல் இல்லை. ஒரு பிள்ளையோடு தனியே பேச வேண்டுமாயின் பிறர் பார்வையில் படும் மரத்தடியில் பேசலாம். இவ்விதி பிள்ளையைக் காப்பதோடு, குற்றமற்ற ஆசிரியரையும் வீண்பழியினின்று காக்கிறது. பிள்ளை ஒன்று துயரத்தைச் சொன்னால், பள்ளியின் பெயர் கெடும் என்று பேசி முடிப்பது கருணை அன்று. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்தும் தெரிவிக்காமை தண்டனைக்குரியது. 1098 என்னும் எண்ணைக் கூடாரக் கம்பத்தில் எழுதி ஒட்டுவதற்கு எவர் அனுமதியும் வேண்டுவதில்லை.

உணவும் வழிபாடும் குறித்து எம்மிடம் அடிக்கடி வினவுகின்றனர்; யாம் இசுலாமியர் என்பதாலும் இருக்கலாம். இவ்வியக்கம் நம் நாட்டுக்கு வந்த வரலாற்றிலேயே அதற்கு விடை உள்ளது. 1909இல் பெங்களூரில் தொடங்கிய முதல் படை ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்க்கே உரியதாயிருந்தது. இந்தியச் சிறுவர்க்கு இடமில்லாத குறையைப் போக்க 1916இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியச் சாரணர் சங்கம் கண்டார். பல பிரிவாய்க் கிடந்தவை விடுதலைக்குப் பின் 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் அமைப்பாய் ஒன்றுபட்டன. சாரணியரும் அடுத்த ஆண்டு இணைந்தனர். ஒதுக்கப்பட்டதன் வலியிலிருந்து எழுந்த இயக்கம் எவனையும் ஒதுக்குதல் ஆகாது. உறுதிமொழியில் கடவுள் என்று சொல்ல விரும்பாதவன் தர்மம் என்று சொல்லவும் இடம் உண்டு. முகாம் நிகழ்ச்சி நிரலில் விடியலிலும் அந்தியிலும் இருபது நிமிடம் சும்மா விட்டுவையுங்கள். தொழுபவன் தொழட்டும், திருநீறு இடுபவன் இடட்டும், எதுவும் செய்யாதவன் மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். உணவில் மரக்கறியே எல்லார்க்கும் பொது. அறுத்தது யார், பாத்திரம் எது என்ற வினாக்கள் அதில் எழுவதில்லை. ரமலான் மாதத்தில் முகாம் வைக்காதிருந்தால் நன்று. வைத்தே ஆகவேண்டுமெனில் நோன்பிருக்கும் பையனை வெயிலில் நெடுநடைக்கு இழுக்காதீர்கள். ஒருமுறை, நோன்பாளியான அணித்தோழனுக்காகப் பிற மதச் சிறுவர் தம் நண்பகல் உணவை அவன் காணாத இடத்தில் உண்டதைக் கண்டோம். எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவன் அதனைக் கண்டுபிடித்து, "ஏண்டா ஒளிஞ்சி சாப்புடுறீங்க, இங்கயே வாங்கடா" என்று கூப்பிட்டதும் எம் நினைவில் உள்ளது.

பணம் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டா. வாங்கிய ஒவ்வொரு ரூபாய்க்கும் சீட்டு. முகாம் முடிந்த வாரமே கணக்கைப் பெற்றோர் முன் வைத்துவிடுதல். சீருடை தைக்க இயலாத பையனுக்குச் சென்ற ஆண்டு பயின்றவனின் சீருடையைப் பிறரறியாமல் தரலாம்.

"தயாராக இரு" என்னும் சாரணர் முழக்கத்தை நாம் எத்தனையோ கொடியேற்றத்தில் கேட்டிருக்கிறோம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது அதன் பொருள் விளங்கியது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரு நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் தடைப்பட்டன. அத்தகைய நாளில் சாரணப் படை என்ன செய்யலாம் என்று ஓர் இளம் ஆசிரியர் எம்மைக் கேட்டார். சிறுவரை வெள்ளத்தில் இறக்கிச் செய்தித்தாளுக்குப் படம் எடுப்பது சேவை அன்று. குற்றம் என்றே சொன்னோம். ஓடும் நீரில் பதினான்கு வயதுப் பையனுக்கு வேலை இல்லை. ஆனால் மழைக்கு முன்னரே தன் தெருவில் தனித்திருக்கும் முதியோர் எத்தனை பேர், நடக்க இயலாதோர் யார், கூரை வீடுகள் எவை எனப் பட்டியல் எடுத்து ஊராட்சியில் தர அவனால் முடியும். மழைக்குப் பின் பள்ளி முகாமில் உணவுப் பொட்டலம் கட்டவும், குடிநீர் காய்ச்சவும், அழும் சிறு குழந்தைகளுக்கு விளையாட்டுக் காட்டவும் அவனை விடத் தகுந்தவர் இல்லை. 2025 சனவரி இறுதியில் மணப்பாறையில் கூடிய வைரவிழாப் பெருமுகாமுக்கு நாடெங்கிலுமிருந்து பல்லாயிரம் சாரண சாரணியர் வந்தனர். அங்கே சென்று வந்த பெருமை பெரிது. தெருவின் பட்டியல் எடுத்த பையனுக்கோ பதக்கம் இல்லை. அவன் அணியில் அவன் பெயரைச் சொல்லி ஒருவர் பாராட்டினால் போதும், அடுத்த மழைக்கும் எடுப்பான்.

எம் கல்லூரி மாணவரிடத்தும் ஒரு வேண்டுகோள் உண்டு. கல்லூரிப் பருவத்தினர்க்குத் திரி சாரணர் என்னும் பிரிவு இருக்கின்றது. அருகிலுள்ள பள்ளிப் படை ஒன்றுக்கு மாதம் இரண்டு சனிக்கிழமை துணையாகச் செல்ல நான்கு பேர் முன்வந்தாலும், தனியே திணறும் ஆசிரியர்க்கு இரண்டாவது பெரியவர் கிடைப்பார். பல முகாம்கள் நின்றுபோவது பணமின்மையால் அன்று; அந்த இரண்டாவது ஆள் இன்மையால். செல்வோர் முறையாகப் பதிந்து, அடிப்படைப் பயிற்சி பெற்ற பின்னரே செல்க. எம் மாணவர் என்பதற்காக மேற்சொன்ன விதிகளில் தளர்வு கேட்கமாட்டோம்.

முகாமுக்கு அஞ்சிய அந்த முன்னாள் மாணவர் சென்ற கோடையில் துறைக்கு வந்திருந்தார். பையிலிருந்து மடித்த சார்ட் தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். அவர் ஊர் ஏரியின் வரைபடம். வற்றிய ஏரிக்குள் அணியணியாய் இறங்கி, வண்டல் எடுத்த குழிகளை அடி வைத்து அளந்து குறித்திருந்தனர். மொத்தம் பதினேழு குழிகள், ஆழத்தோடு. ஓர் ஓரத்தில் ஆலமரம், மறு ஓரத்தில் மதகு, வடக்கு காட்டும் அம்புக்குறி. எழுத்துப்பிழைகள் இருந்தன. நீங்கள் வரைந்ததா என்றோம். "இல்லீங்க ஐயா, எட்டாம் வகுப்புப் பையன். நான் மேட்டுல நின்னு பேர்ப்பட்டியலைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார்.